ஃபைபர் பிரிண்டைக் காய வைத்தல்: பரப்பு ஒரு கேள்வி, தட்டை வேறொரு கேள்வி

கடைசி அலசலிலிருந்து தூக்கிக் கண்ணாடிமேல் கிடத்திய ஃபைபர் பிரிண்ட் (பிளாஸ்டிக் பூச்சில்லாத காகிதத்தில் இருட்டறையில் எடுத்த கறுப்பு-வெள்ளைப் புகைப்படம்), அந்த முதல் ஐந்து நிமிடங்களில்தான் மிக அழகாக இருக்கிறது. கறுப்பு கிணற்று நீரைப் போல ஆழ்ந்து தெரியும். வெள்ளையில் ஒரு தெளிவு இருக்கும். இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிந்து நிற்கும். மறுநாள் காலையில் அதே படத்தை எடுத்துப் பார்த்தால் கறுப்பு சற்று வெளிறியிருக்கும், வெள்ளை சற்று மங்கியிருக்கும், காகிதமோ ஓரங்கள் மேலெழும்பிக் குழல்போலச் சுருண்டு கிடக்கும். இருட்டறை வேலையில் புதிதாக இறங்கியவர்கள் இதற்கு டெவலப்பரையும் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசல்) காகிதத்தையும் குறை சொல்வார்கள். உண்மையில் இந்த மாற்றத்தின் பெரும்பகுதி, காய்ந்துகொண்டிருந்த அந்தச் சில மணி நேரத்தில் நடந்தது.

ஆர்.சி. எனப்படும் ரெசின் பூச்சுக் காகிதத்தில் இந்தக் கவலை இல்லை. அதன் இரு பக்கங்களிலும் பாலிஎத்திலீன் பூச்சு இருப்பதால் காகிதத்துக்குள் நீர் இறங்குவதில்லை. துடைத்துக் கொடியில் மாட்டினால் சில நிமிடங்களில் தட்டையாகக் காய்ந்துவிடும். ஃபைபர் காகிதம் அப்படியல்ல. அது நீரை உள்வரை உறிஞ்சுகிறது. காய ஓர் இரவுகூட ஆகலாம். காயும் விதத்துக்கு ஏற்ப அதன் முகமும் மாறுகிறது. அதனால்தான் எப்படிக் காய வைப்பது என்பதை, எந்தக் காகிதத்தில் அச்சிடுவது என்பதற்கு இணையான ஒரு முடிவாகவே நான் கருதுகிறேன்.

கையில் இருக்கும் வழிகள் பல. கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிடலாம். வலைச் சட்டத்தில் பரப்பலாம். ஒற்றுத்தாள்களுக்கு இடையில் வைக்கலாம். பளபளப்பான உலோகத் தகட்டில் ஒட்டிக் கிளேசிங் (மெருகேற்றல்) செய்யலாம். சூடான உருளை இயந்திரத்தில் செலுத்தலாம். பசை நாடா ஒட்டிக் கண்ணாடியில் இறுக்கலாம். இவற்றில் எது சிறந்தது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். படத்தின் பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது ஒன்று. காகிதம் எவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பரப்பு காயும்போதே தீர்மானமாகிவிடுகிறது. தட்டையை அதன்பின் நிதானமாகவும் வரவழைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே மூச்சில் பெற முயலும் வழிகள்தான் பரப்பிலோ, சுத்தத்திலோ, காகிதத்தின் ஓரத்திலோ ஏதாவது ஒன்றை விலையாகக் கேட்கின்றன.

முதலில் சுருளுவதன் காரணத்தைப் பார்த்துவிடலாம். ஃபைபர் காகிதத்தின் அடியில் இருப்பது வெறும் காகிதம். அதன்மேல் பேரியம் சல்ஃபேட்டும் ஜெலட்டினும் கலந்த வெள்ளைப் பூச்சான பரைட்டா. அதன்மேல் வெள்ளித் துகள்களைத் தாங்கிய ஜெலட்டின் எமல்ஷன். எல்லாவற்றுக்கும் மேலே காப்பாக ஒரு மெல்லிய ஜெலட்டின் படலம். நீரில் ஊறும்போது ஜெலட்டின் வெகுவாக உப்புகிறது. காயும்போது காகிதத்தைவிட அதிகமாகச் சுருங்குகிறது. ஆகவே ஒரு பக்கம் மட்டும் இழுக்கப்பட்ட தோலைப்போல, காகிதம் எமல்ஷன் பக்கமாக வளைகிறது. அறையின் காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த இழுப்பும் கூடும். நடுப்பகுதி ஈரமாக இருக்கும்போதே ஓரங்கள் காய்ந்துவிட்டால், வளைவோடு சேர்ந்து ஓரத்தில் அலை அலையான நெளிவும் வந்துவிடும். ஆகையால் விசிறிக் காற்றையோ ஹேர் டிரையரையோ பாய்ச்சி அவசரப்படுத்துவது பலன் தராது. மெல்லக் காயும் படமே சீராகக் காய்கிறது.

பரப்பின் கதை வேறு. ஊறிய ஜெலட்டின் மென்மையானது. எதன்மேல் படிந்து காய்கிறதோ அதன் முகத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். மெருகேற்றிய உலோகத்தில் படிந்தால் கண்ணாடியைப்போல மின்னும்; துணியில் அழுத்தப்பட்டால் துணியின் இழை பதியும்; எதையும் தொடாமல் காற்றில் காய்ந்தால் தன் இயல்பான மென்மையான மினுமினுப்போடு நிற்கும். பளபளப்பான கிளாசி வகைக் காகிதத்தில்தான் இந்தத் தேர்வு நம் கையில் இருக்கிறது. மங்கலான மேட் காகிதத்தின் மேல்படலத்தில் ஒளியைச் சிதறடிக்கும் நுண்துகள்கள் ஏற்கெனவே கலக்கப்பட்டிருப்பதால் அதை எந்தத் தகட்டில் ஒட்டினாலும் பளபளப்பு வராது. மேட் காகிதத்தை வாங்கியவருக்குப் பரப்பைப் பற்றிய கேள்வி வாங்கும்போதே முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது தட்டையும் சுத்தமும் மட்டுமே.

இந்த வேறுபாடு கண்ணுக்கு இதமாக இருக்கிறதா என்பதோடு நின்றுவிடுவதில்லை. பரப்பில் சிதறும் ஒளி கறுப்பின்மேல் ஒரு மெல்லிய வெண்திரையைப் போர்த்திவிடுகிறது. காற்றில் காய்ந்த கிளாசிப் படத்தின் உச்சக் கறுப்பு அடர்த்தி (விழும் ஒளியைப் படம் எவ்வளவு விழுங்குகிறது என்பதன் அளவு) 2.0ஐத் தாண்டுகிறது, மேட் படத்தின் கறுப்பு பெரும்பாலும் 1.6க்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. இது மடக்கை அளவு என்பதால் 0.3 வேறுபாடு வந்தாலே ஒளியில் இரு மடங்கு வித்தியாசம் என்று பொருள். நிழல் நிறைந்த ஒரு படத்தில் இருட்டுக்குள் இருட்டாக மறைந்திருக்கும் விவரங்கள் தெரிவதும் தெரியாமல் போவதும் இங்கேதான் முடிவாகிறது.

அதிகபட்ச பளபளப்பை விரும்புகிறவர் முதலில் கிளேசிங்கைத்தான் நாடுவார். இதன் பழைய பெயர் ஃபெரோடைப்பிங். 1856இல் அமெரிக்காவில் ஹாமில்டன் ஸ்மித் காப்புரிமை பெற்ற, இரும்புத் தகட்டில் படமெடுக்கும் முறையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. அரக்குப் பூசிய அத்தகைய இரும்புத் தகடுகள் பின்னாளில் பிரிண்டுக்கு மெருகேற்றவும் உதவின. பின்னர் அவற்றின் இடத்தைக் குரோமியம் பூசிய தகடுகள் பிடித்துக்கொண்டன. ஈரப் படத்தை முகம் தகட்டில் படும்படி கிடத்தி, இடையில் காற்றே இல்லாதபடி ரப்பர் உருளையால் அழுத்தி உருட்டி, அப்படியே காயவிட வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் படம் தானாகவே கழன்று வரும். ஒரு மூலையில் ‘டிக்’கென்று சத்தம் கேட்கும், பிறகு அடுத்தடுத்துப் பல சத்தங்கள், கையே படாமல் காகிதம் தகட்டை விட்டு எழும்பி நிற்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் அனுபவம்.

ஆனால் அந்த மகிழ்ச்சி ஒவ்வொரு முறையும் கிடைப்பதில்லை. தகட்டுக்கும் படத்துக்கும் நடுவே கடுகளவு காற்றுக்குமிழி சிக்கினாலும் அந்த இடத்தில் மெருகு ஏறாது. மின்னும் கறுப்பில் ஒரு மங்கல் புள்ளியாக அது நிற்கும். தகட்டில் விரல் ரேகையோ தூசியோ மெல்லிய கீறலோ இருந்தால் அதுவும் அச்சுப் பிசகாமல் பதியும். இவற்றையெல்லாம்விடத் தொல்லையானது சிப்பிக் கோடு. சூட்டாலோ ஈரம் சீராக இல்லாததாலோ படம் விட்டுவிட்டுக் கழன்றால், நின்ற ஒவ்வோர் இடத்திலும் சிப்பி ஓட்டின் உட்புறம்போல ஒன்றினுள் ஒன்றாக வளைகோடுகள் விழுந்துவிடும். வெறுமனே நேராகப் பார்த்தால் அவை தெரிவதில்லை. படத்தைச் சற்றுச் சாய்த்து விளக்கொளியில் பிடிக்கும்போது வரிசையாக எழும். எமல்ஷன் போதிய அளவு இறுகாமல் இருந்தால் படம் தகட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதற்காகப் படத்தை நிலைப்படுத்தும் கரைசலான ஃபிக்சரில் ஹார்ட்னர் (ஜெலட்டினை இறுக்கும் ரசாயனம்) சேர்த்தால், ஃபிக்சரின் ரசாயனமான ஹைப்போவை அலசி வெளியேற்றுவதும் டோனிங் (படத்தின் நிறச்சாயலை மாற்றும் ரசாயனக் குளியல்) செய்வதும் கடினமாகிவிடும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் செய்தார்கள் என்ற கேள்வி எழும். செய்தித்தாளுக்கும் பத்திரிகைக்கும் போகும் படங்களை மீண்டும் கேமராவால் படமெடுத்துத்தான் அச்சுக்கட்டை செய்தார்கள். அதற்கு முழு நிறவீச்சும் தெரியும் மின்னும் பரப்பு தேவைப்பட்டது. அந்த வேலைக்குக் கிளேசிங் சரியான தேர்வாகவே இருந்தது. சுவரில் மாட்டவோ கையில் வைத்துப் பார்க்கவோ உள்ள படத்துக்கு அது பொருந்தாது என்பது என் முடிவு. இரும்பு வளையம் தொங்கும் பழைய மரக்கதவு ஒன்றின் நெகட்டிவிலிருந்து ஒரே கிளாசிக் காகிதத்தில், ஒரே வெளிச்ச அளவில் மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றைத் தகட்டிலும் ஒன்றை வலையிலும் ஒன்றைத் துணி உருளையிலும் காய வைத்து, ஜன்னல் ஓரம் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். தகட்டில் காய்ந்த படத்தில் வளையத்தின் அடிநிழல் மற்ற இரண்டையும்விடக் கறுத்திருந்தது. ஆனால் அதைக் காண, ஜன்னலின் பிரதிபலிப்பு விலகும் வரை நான் தலையை அங்கும் இங்கும் நகர்த்த வேண்டியிருந்தது. வலையில் காய்ந்ததில் அந்தக் கறுப்பு ஏறக்குறைய அதே ஆழத்தோடு, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. துணியில் காய்ந்ததில் கதவின் மரவரிகளின்மேல் வேறொரு நெசவு படர்ந்து, மரம் எது, துணி எது என்று பிரித்தறிய முடியாமல் இருந்தது.

கிளேசிங் செய்த படத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தூசியால் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை நுண்தூரிகையால் சாயம் தொட்டு மறைக்கும் வேலை எல்லாப் பிரிண்டுக்கும் உண்டு. கண்ணாடிபோன்ற மெருகின்மேல் தூரிகை பட்ட இடம் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். காற்றில் காய்ந்த பரப்பு அந்தத் துளிச் சாயத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, எங்கே தொட்டோம் என்பதே தெரியாமல் ஆகிவிடுகிறது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

சூடான உருளை இயந்திரத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வேகமும் எண்ணிக்கையும் முக்கியமாக இருந்த இடங்களுக்கு அது பயன்பட்டது. குரோம் உருளையில் முகம் படும்படி வைத்தால் பளபளப்பும், துணியில் முகம் படும்படி வைத்தால் மங்கலும் கிடைக்கும். ஆபத்து அந்தத் துணியில்தான் இருக்கிறது. சரியாக அலசாத ஒரே ஒரு படம் அதன் வழியாகப் போனாலும் ஹைப்போ துணியில் ஏறிவிடும். அதற்குப் பிறகு வரும் நன்றாக அலசிய படங்களும் அந்த மாசை வாங்கிக்கொள்ளும். சில ஆண்டுகள் கழித்துப் படம் மஞ்சளிக்கும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. பலர் சேர்ந்து புழங்கும் இருட்டறையில் இருக்கும் உருளை இயந்திரத்தை, நிலைத்து நிற்க வேண்டிய எந்தப் படத்துக்கும் நான் பயன்படுத்துவதில்லை. ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு பொது இயந்திரத்திலிருந்து வெளிவந்த என் படத்தின் பின்புறத்தில், வேறு யாருடைய படத்திலிருந்தோ வந்த பழுப்புக் கறை நான்கு விரல் அகலத்துக்குப் படிந்திருந்தது.

ஒற்றுத்தாளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அமிலமற்ற, புதிய தாள்களாக இருந்து, அடிக்கடி மாற்றப்பட்டால் படம் ஓரளவு தட்டையாகவே வரும். ஆனால் மேற்பரப்பு நீரை முதலில் முழுவதும் வழித்துவிடாமல் வைத்தால் தாளின் பஞ்சிழைகள் மென்மையான ஜெலட்டினில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் தங்கிவிட்டால் பூஞ்சையும் பிடிக்கும். தொங்கவிடுவதோ செலவே இல்லாத வழி. இரண்டு படங்களை முதுகோடு முதுகு சேர்த்து நான்கு மூலைகளிலும் கிளிப் மாட்டினால் ஒன்றின் வளைவை மற்றது எதிர்த்து ஓரளவு அடக்கும். ஆனாலும் கிளிப்பின் தடம் விழும், நீர் கீழோரத்தில் தேங்கிக் கறையாகும், ஓரம் நெளியும். அகலமான வெள்ளை விளிம்பு விட்டு அச்சிட்டு, பிறகு அதை வெட்டிவிடுகிறவர்களுக்கு இது போதுமானதுதான்.

இனி வலைச் சட்டம். மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஃபைபர்கிளாஸ் கொசுவலை இதற்குப் போதும். துருப்பிடிக்கும் கம்பி வலையும் நீரை உறிஞ்சும் துணியும் கூடாது. படத்தைச் சுத்தமான கண்ணாடிப் பலகையில் கிடத்தி, முதலில் பின்புறத்தையும் பிறகு முகத்தையும் மென்மையான ரப்பர் ஸ்க்வீஜியால் வழித்து, துளிநீர்கூட நிற்காதபடி செய்துவிட வேண்டும். முகத்தில் ஒரு துளி நின்று காய்ந்தால், அது நின்ற இடம் வட்டத் தடமாகத் தெரியும். வழித்தபின் வலையில் பரப்பி, அறையை மூடிவைத்து, இரவு முழுவதும் விட்டுவிடலாம். படத்தின் பரப்பு எதையும் தொடாமல், தன் இயல்பிலேயே காய்கிறது. வலையை வாரம் ஒருமுறை கழுவி வைத்தால் மாசுக்கும் இடமில்லை.

முகம் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்பதில் பழகியவர்களிடையே ஒற்றுமை இல்லை. முகம் மேலிருந்தால் பரப்பு முற்றிலும் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் எமல்ஷன் மேல்நோக்கி இழுப்பதால் ஓரங்கள் தடையின்றி எழும்பிச் சுருண்டுவிடும். முகம் கீழிருந்தால் ஓரங்கள் வலையை நோக்கி வளைய முயலும். வலை தடுக்கும், காகிதத்தின் எடையும் கீழ்நோக்கி அமுக்கும். ஆகையால் சுருள் வெகுவாகக் குறையும். அதற்கு ஈடாக, எமல்ஷன் மிகவும் மென்மையாக இருந்தாலோ வலை தொய்ந்திருந்தாலோ சதுரக் கட்டத் தடம் பதியும் ஆபத்து உண்டு. நான் செய்வது இதுதான்: மேட் காகிதத்தையும் சற்றுக் கடினமான எமல்ஷன் கொண்ட கிளாசிக் காகிதத்தையும் முகம் கீழாக வைக்கிறேன்; புதிதாக வாங்கிய எந்தக் காகிதத்தையும், வீணாகப் போன ஒரு படத்தை முகம் கீழாக வைத்துச் சோதிக்கும் வரை முகம் மேலாகவே வைக்கிறேன். சுருளைப் பிறகு சரிசெய்ய முடியும். வலைத் தடத்தைப் போக்கவோ, படத்தை மீண்டும் முழுவதும் ஊறவைத்து முதலிலிருந்து காய வைக்க வேண்டும்.

தட்டையை எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பவர்களுக்குப் பசை நாடா முறை இருக்கிறது. நீர்வண்ண ஓவியர்கள் தங்கள் தாளை இறுக்கும் அதே முறைதான். ஈரப் படத்தை முகம் மேலாகக் கண்ணாடியில் கிடத்தி, வழித்து, விளிம்பில் மட்டும் துணியால் ஒற்றி, நனைத்தால் ஒட்டும் பழுப்புக் காகித நாடாவை நான்கு பக்கமும் பாதி படத்திலும் பாதி கண்ணாடியிலும் இருக்குமாறு ஒட்ட வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் படம் புடைத்து மேடும் பள்ளமுமாகக் கிடப்பதைப் பார்த்தால் கெட்டுவிட்டது என்றே தோன்றும். காகிதம் சுருங்கச் சுருங்க அத்தனை நெளிவும் இழுபட்டு மறையும். காலையில் விரலால் தட்டினால் மத்தளத் தோல்போல ஒலிக்கும். பிறகு கூரிய கத்தியால் நாடாவின் உட்புறமாக அறுத்து எடுத்தால், இத்தனை தட்டையான ஃபைபர் பிரிண்டை வேறெந்த வழியிலும் இவ்வளவு எளிதில் பெற முடியாது. பரப்பும் காற்றில் காய்ந்ததன் அழகோடே இருக்கும்.

இதன் விலை விளிம்பு. நாடா பிடித்த பகுதியை வெட்டியே ஆக வேண்டும். ஆகவே அச்சிடும்போதே நான்கு பக்கமும் குறைந்தது 2 சென்டிமீட்டர் வெள்ளை விட்டிருக்க வேண்டும். காகிதத்தின் முழு அளவும் படமாக வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது. நாடா அதிகம் நனைந்தால் பசை வழுக்கி ஒரு பக்கம் நள்ளிரவில் விட்டுவிடும். அந்தப் பக்கம் மட்டும் வளைந்து, மற்ற மூன்று பக்கங்களின் இழுப்பில் படம் கோணிவிடும். வறண்ட காற்றில் இழுப்பு அளவுமீறிக் காகிதமே கிழிவதும் உண்டு. ஒரு கண்ணாடிக்கு ஒரு படம் என்பதால் ஓர் இரவில் பத்துப் படங்கள் முடிக்க வேண்டியவருக்கு இடமே போதாது.

ஆகவே பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, வலையில் காய வைத்து, பிறகு தனியே தட்டையாக்குவதுதான். டிரை மவுண்ட் பிரஸ் (படத்தை அட்டையில் ஒட்டப் பயன்படும், சூடேற்றி அழுத்தும் கருவி) கிடைத்தால் அந்த வேலை சில நிமிடங்களில் முடியும். சுத்தமான இரண்டு மவுண்ட் அட்டைகளை முதலில் வெறுமனே பிரஸ்ஸில் வைத்து அவற்றின் ஈரத்தைப் போக்கிவிட வேண்டும். பிறகு படத்தை அவற்றின் நடுவே வைத்து, 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் ஒரு நிமிடம் அழுத்தினால் போதும். வெளியே எடுத்த உடனே கனமான தட்டைப் பலகையின் கீழ் வைத்து ஆறவிடுவதை மட்டும் மறக்கக் கூடாது. சூட்டோடு திறந்து வைத்தால் கண்ணெதிரே மறுபடியும் வளையத் தொடங்கும். அட்டையில் ஈரம் இருந்தால் கிளாசிப் பரப்பில் ஆங்காங்கே திட்டுத் திட்டாக மெருகு மாறிவிடும் என்பதால், அட்டையை உலர்த்தும் அந்த முதல் படியைத் தவிர்க்கவே கூடாது.

பிரஸ் இல்லாதவர்கள் படங்களை அமிலமற்ற தாள்களோடு மாற்றி மாற்றி அடுக்கி, மேலே தடித்த கண்ணாடியோ கனமான நூல்களோ வைத்து ஒரு வாரம் விட்டுவிடலாம். மெதுவான வழி என்றாலும் பலன் குறைவில்லை. அதிகம் சுருண்ட படத்தை வறண்ட நிலையில் எதிர்ப்பக்கமாக உருட்டி நேராக்க முயலக் கூடாது; காய்ந்து முறுக்கேறிய ஜெலட்டின் மயிரிழைக் கோடுகளாக வெடிக்கும், அந்த வெடிப்பு எந்தச் சிகிச்சைக்கும் மறையாது. பின்புறத்தில் மட்டும் ஈரப் பஞ்சால் லேசாகத் துடைத்து, சில நிமிடம் இளகவிட்டு, பிறகு எடையின் கீழ் வைப்பதே பாதுகாப்பு.

இந்தத் தேர்வில் ஆறுதலான ஒன்று, பெரும்பாலான தவறுகள் மீளக்கூடியவை என்பது. சிப்பிக் கோடு விழுந்த கிளேசிங் படத்தையும் வலைத் தடம் பதிந்த படத்தையும் சுத்தமான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் ஜெலட்டின் மீண்டும் உப்பித் தன் தடங்களை மறந்துவிடும். வேறு வழியில் காய வைத்துக்கொள்ளலாம். வெட்டிய விளிம்பும், வெடித்த எமல்ஷனும், ஹைப்போவால் விழுந்த கறையும் மட்டுமே மீளாதவை.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதை அச்சிடத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது. ஏனென்றால் வெளிச்ச அளவும் அதைச் சார்ந்தே இருக்கிறது. காய்ந்த படம் ஈரப் படத்தைவிடச் சற்றுக் கறுத்தே தெரியும், முக்கியமாக வெளிர்ந்த நிறங்களில். இந்த மாற்றத்தை ஈடுகட்ட, காகிதத்துக்கு ஏற்ப 5 முதல் 12 சதவீதம் வரை வெளிச்சத்தைக் குறைத்து அச்சிட வேண்டியிருக்கும். இருட்டறையின் பிரகாசமான ஆய்வு விளக்கின் கீழ், ஈரமான சோதனைத் துண்டை வைத்து முடிவெடுத்தால் காலையில் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆகவே புதிய காகிதம் வாங்கும் ஒவ்வொரு முறையும், ஒரு சோதனைத் துண்டை இறுதிப் படத்தைக் காய வைக்கப்போகும் அதே வலையில், அதே முகம் பார்க்க, முழு இரவும் காயவிட்டு, இன்னொரு துண்டை ஈரத்தோடு அதன் பக்கத்தில் வைத்து, எத்தனை விநாடி குறைத்தால் இரண்டும் ஒன்றாகின்றன என்று பார்த்து, அந்த எண்ணைக் காகித உறையின்மேல் பென்சிலால் எழுதிவைக்கிறேன்.